40 கி.மீ. கரை, ஐந்து இடம், பதினாலு பேர்: எங்கே பாய் விரிப்பது?

மூன்றாம்பிறை | வியாழன், இரவு 9:12

வணக்கம். கரையோரச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குள் எங்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார இடம் தேடுகிறேன். ஆள் பதினாலு. எழுபது தாண்டியவர்கள் மூன்று பேர், அதில் பெரியப்பாவுக்கு ஒரு முழங்கால் மடங்காது. பத்து வயதுக்கு உட்பட்ட வால்கள் நான்கு.

போன வாரம் தனியாக பைக்கில் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்து இடம் மனதில் நிற்கிறது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே மேசை மாதிரித் தட்டையான பாறைத்தட்டு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் உச்சி. முப்பது மீட்டர் உயரம் இருக்கும், காட்சி சொல்லி மாளாது. அதே முனையின் தெற்குக் காலடியில் மறைவாக ஒரு குட்டிக் குடா, இறங்கப் படி உண்டு. அடுத்தது ஆற்று முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு. கடைசியாக ஒரு சவுக்குத் தோப்பு, மணல்மேட்டுக்குப் பின்னால். அங்கே கடல் கேட்கும், தெரியாது. அதனால்தான் அது கடைசி.

என் ஓட்டு மணல்திட்டுக்கு. காலை பத்துக்குப் போய், பொழுது சாய்ந்ததும் கிளம்பலாம் என்று எண்ணம். கரை மேற்குப் பார்த்தது. என்ன சொல்கிறீர்கள்?

நண்டுக்கால் | வியாழன், இரவு 9:31

தேதி சொல்லுங்க முதல்ல. தேதி சொல்லாம கடற்கரையில இடம் கேக்குறது, நேரம் சொல்லாம ரயில் கேக்குற மாதிரி. அப்படியே பக்கத்துத் துறைமுகத்தோட ஓத அட்டவணையையும் (கடல் ஏறி இறங்குற நேரக் கணக்கு) பாத்துச் சொல்லுங்க.

மூன்றாம்பிறை | வியாழன், இரவு 9:48

வருகிற ஞாயிறு. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். திரும்பும்போது நிலா வெளிச்சம் இருக்கும் என்பதும் ஒரு கணக்கு. அட்டவணைப்படி வற்றம் காலை 9:20, ஏற்றம் பிற்பகல் 3:30. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.8 மீட்டர் என்று போட்டிருக்கிறது.

நண்டுக்கால் | வியாழன், இரவு 10:20

நெனச்சேன்.

பத்து மணிக்கு நீங்க போய் எறங்கும்போது திட்டு மைதானம் மாதிரி கெடக்கும். ஒரு ஈ காக்கா இருக்காது. ஆகான்னு நட்ட நடுவுல பாயை விரிப்பீங்க. ஏற்றம் ஒரே சீரா ஏறாதுங்க. ஆறு மணி நேரத்துல முதல் மணிக்கு பன்னெண்டுல ஒரு பங்கு, அடுத்த மணிக்கு ரெண்டு, அப்புறம் மூணு, மூணு, திரும்ப ரெண்டு, ஒண்ணு. மாலுமிகளோட கைக்கணக்கு இது, துல்லியமா இருக்காது, ஆனா உயிரைக் காப்பாத்தும். உங்க ஞாயித்துக்கிழமைக்குப் போட்டுப் பாருங்க: 11:20-லேர்ந்து 1:20-க்குள்ள பாதி ஏறிடும், அதாவது 90 சென்டிமீட்டர். 50-க்கு 1 சரிவு இருக்குற மணல்ல அதைப் படுக்கையா அளந்தா 45 மீட்டர். சரியா சாப்பிட உக்கார்ற நேரம்.

அதுகூடப் பரவாயில்ல. திட்டுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கா? இருக்கும். தண்ணி முன்னாடி வரும்னு எல்லாரும் முன்னாடியே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. அது முதுகுப்பக்கமா சுத்தி வந்து மொதல்ல அந்தப் பள்ளத்தைத்தான் நெரப்பும். நான் ஒரு தடவை மாட்டியிருக்கேன். கணுக்கால் அளவு தண்ணியில நடந்து போனேன், திரும்பறப்ப தொடை. செருப்பு ரெண்டும் போச்சு, கேமராவைத் தலைமேல தூக்கிப் பிடிச்சிட்டு வந்தேன். தனி ஆள், அதனால இப்போ சிரிக்கிறேன். மடங்காத முழங்காலோட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்ச் செய்யற வேலை இல்ல அது.

பௌர்ணமி, அமாவாசை முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்லதான் ஏற்றம் உச்சத்துக்குப் போகும், வற்றமும் அடி மட்டத்துக்குப் போகும். நீங்க பொறுக்கி எடுத்திருக்கறது சரியா அந்த நாள். நிலா விஷயமும் கவிழ்ந்துபோச்சு: அன்னிக்கு நிலா, பொழுது சாஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல கழிச்சுத்தான் எழும், அதுவும் உங்க முதுகுக்குப் பின்னாடி.

ஒரு யோசனை. ஏற்றம் ஒவ்வொரு நாளும் 50 நிமிஷம் போலத் தள்ளிப் போகும். ஏழு நாளைக்குக் கூட்டுங்க, ஆறு மணி நேரத்துக்குப் பக்கம் வரும். ஆக ஒரு வாரம் தள்ளிப் போட்டா நாளே தலைகீழ்: காலை 9-ஐ ஒட்டி ஏற்றம், பிற்பகல் 3-ஐ ஒட்டி வற்றம். அட்டமி நேரம், வித்தியாசமும் குறைவா இருக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் பசங்க வெளயாட ஈர மணல் தானா விரிஞ்சு கெடைக்கும்.

எல்லாக் கடலுக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராது. மத்தியதரைக் கடல்ல பெரும்பாலான எடத்துல அரை மீட்டர்கூட ஏறாது. கனடாவில் ஃபண்டி விரிகுடாவுல 16 மீட்டர் வரைக்கும் போகும். அதனால "தண்ணிலேர்ந்து இத்தனை அடி தள்ளி உக்காருங்க"ன்னு யாராவது பொதுவாச் சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

செவ்வானம் | வியாழன், இரவு 10:41

அட்டவணை, பங்கு, சரிவு! தணிக்கையா நடத்தப் போகிறார்கள்? உல்லாசமாகப் போகிறவரைப் பயமுறுத்தி வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவீர்கள் போல.

முனை உச்சிக்குத்தான் என் ஓட்டு. முப்பது மீட்டர் உயரத்தில் மூன்று பக்கமும் கடல், மேற்குப் பார்த்த கரை, சூரியன் நேரே தண்ணீரில் விழும். அந்தக் காட்சிக்காக நாலு துகள் மணலைத் தின்றாலும் தப்பில்லை. தோப்புக்குள் உட்கார்ந்து கடல் சத்தம் கேட்பதற்கு வீட்டில் ஒலிநாடா போதும்.

உப்புக்காற்று | வெள்ளி, காலை 6:05

பல வருடம் கரைக்காவலில் இருந்தவன். செவ்வானம் அவர்களே, முனையில் மணல் பறக்காது, தட்டே பறக்கும்.

நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். முற்பகலில் தொடங்கி, பிற்பகலில்தான் அது உச்சம். திறந்த முனையின் மேல் ஏறும்போது இன்னும் வேகம் பிடிக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினாலே தாளும் தூசியும் கிளம்பும், உலர்ந்த மணலும் நகரத் தொடங்கும். காலை ஒன்பது மணிக்கு முனையைப் பார்த்துவிட்டு "சொர்க்கம்" என்று எழுதுகிறவர்கள், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். விளிம்புக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புல் மூடிய விளிம்புக்குக் கீழே மண் அரித்துப் போயிருந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது.

பாறைத்தட்டுக்கு வருகிறேன். மூன்றாம்பிறை, அங்கே பாறையில் வெள்ளையாகச் சொரசொரவென்று ஒட்டுசிப்பி இருந்ததா? இருந்தால் அந்த இடம் தவறாமல் தண்ணீருக்குள் போய் வருகிறது என்று பொருள். அதற்குச் சற்று மேலே கறுப்புப் பட்டை ஓடுமே, அது ஈரம் பட்டால் சோப்பு மாதிரி. என் அனுபவத்தில் தலையில் அடிபட்டவர்களில் நிறையப் பேர் அந்தக் கறுப்பில்தான் கால் வைத்தார்கள்.

இன்னொன்று, அலைக்கு அலை ஒரே உயரம் இல்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு "இந்தக் கோட்டைத் தாண்டவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். பத்து விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தால் மூன்று மணி நேரத்தில் 1,080 அலை. கடல் முன்னறிவிப்பில் வரும் அலை உயரம், எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. ஆயிரம் அலையில் ஒன்று அந்த உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். நீங்கள் அதற்கும் மேலாக, நாள் முழுக்க உட்காரப் போகிறவர். அந்த ஒன்றும் உங்கள் கணக்கில் உண்டு.

குளிக்கும் இடம் பற்றியும் கேளுங்கள், இதுதான் எனக்கு முக்கியம். அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டே வரும்போது நடுவில் ஒரு சந்து மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, சாந்தமாகக் கிடக்கும். குழந்தைகளோடு வருபவர்கள் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தக் கூடாது; கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்தினால் போதும். முகத்துவாரத்தில் வற்றம் இறங்கும் நேரத்தில் ஆற்று நீரும் சேர்ந்து இழுக்கும். அங்கே நான் பெரியவர்களையே இறங்க விடமாட்டேன்.

மூன்றாம்பிறை | வெள்ளி, காலை 7:15

அந்தச் சாந்தமான சந்து தெரிகிற இடத்தைப் படம் எடுத்து "குளிக்க" என்று பெயர் போட்டுச் சேமித்து வைத்திருக்கிறேன். கை நடுங்குகிறது.

சிப்பி இருந்தது. தட்டு முழுக்க.

ஆலா | வெள்ளி, காலை 8:02

மணல்திட்டு பற்றி இன்னொரு காரணம். முகத்துவாரத் திட்டுகளில் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் வெறும் மணலில்தான் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இருக்காது, ஒரு குழிவு, அவ்வளவுதான். மணல் நிறத்தில் புள்ளி போட்ட முட்டையை மிதித்த பிறகுதான் பார்ப்போம். தலைக்கு மேல் பறவை கத்திக்கொண்டே பாய்ந்தால், அதன் வீட்டுக்குள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

மணல்மேட்டில் ஏறினால் பாதை உள்ள இடத்தில் மட்டும் ஏறுங்கள். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அடம்புக்கொடிதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் கொடி போய், காற்று அங்கே மேட்டைப் பிளந்துவிடும். இராவணன் மீசைப் புல் இருந்தால் அதுவே உங்களைப் பாதைக்குத் திருப்பி அனுப்பும், அதன் கூர் அப்படி.

வரைபடப்பித்தன் | வெள்ளி, காலை 11:30

செவ்வானத்துக்கு ஒரு கணக்கு. தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்றால், கண் இருக்கும் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கணும். பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு 80 செ.மீ. உயரம், 3 கிலோமீட்டர் சொச்சம் தெரியும். 10 மீட்டர் மேட்டில் 11 கிலோமீட்டர். 30 மீட்டர் முனையில் 19.5. அதாவது முதல் பத்து மீட்டரிலேயே எட்டு கிலோமீட்டர் கூடிவிடுகிறது. அடுத்த இருபது மீட்டர் ஏறி, காற்றில் அல்லாடி, கிடைப்பதும் இன்னொரு எட்டுதான். காட்சிக்கு உச்சி தேவையில்லை, ஒரு மேடு போதும்.

மூன்றாம்பிறை தனிமடலில் அனுப்பிய செயற்கைக்கோள் படத்தை இரண்டு பருவத்துக்கும் வைத்துப் பார்த்தேன். குடாவில் ஒரு படத்தில் மணல் இருக்கிறது, இன்னொன்றில் தண்ணீர் பாறைச்சுவரைத் தொடுகிறது. ஏற்ற நேரத்தில் அங்கே கடற்கரையே கிடையாது. சுவரின் ஓர் இடத்தில் சுற்றியுள்ள பாறையைவிட வெளிறிய தழும்பு இருக்கிறது. சமீபத்தில் அங்கேயிருந்து ஏதோ பெயர்ந்து விழுந்திருக்கிறது, அதன் கீழே நிழல் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தோப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து 120 மீட்டர், பாதி தூரம் கெட்டித்தரை. தோப்புக்குத் தெற்கே சாலை வளையும் இடத்தில் கடல் பக்கமாக ஒரு அகலமான ஒதுக்கிடம் தெரிகிறது. அது என்னவென்று தெரியவில்லை, போகும்போது பாருங்கள்.

கடலோடி77 | வெள்ளி, பிற்பகல் 1:10

அந்தக் குடா எங்க இருக்குன்னு கொஞ்சம் ஆயத்தொலைவு போடுங்களேன், நாங்களும் போறோம்.

நண்டுக்கால் | வெள்ளி, பிற்பகல் 1:14

போடாதீங்க. மேல எழுதினதைப் படிச்சிட்டுமா கேக்குறீங்க?

கடலோடி77 | வெள்ளி, பிற்பகல் 1:20

நீங்க மட்டும் அனுபவிக்கணும், நாங்க போகக் கூடாதா? கடல் என்ன உங்க சொத்தா?

நெறியாளர் | வெள்ளி, பிற்பகல் 2:00

இதோடு நிறுத்திக்கொள்வோம். ஆயத்தொலைவு இங்கே பதிவதில்லை, பழைய வழக்கம்தான். கேட்டவர் மேல் பாய வேண்டாம்.

குடைக்காரி | வெள்ளி, மாலை 4:45

அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கிட்டுப் போறவ சொல்றேன், காட்சி கீட்சி எல்லாம் அப்புறம்.

பறக்குற மணல்ல பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழேதான் ஓடும். நாற்காலியில இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பாயில உக்காந்த பிள்ளைங்க வாயில நறநறன்னு கடிக்கும். பெரியவங்க "நல்லாத்தானே இருக்கு"ம்பாங்க. நீங்க பாயில உக்காந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க தம்பி.

மடக்கு நாற்காலிக் கால் மணல்ல புதையும், ஒரு பக்கமா சாயும், முழங்கால் மடங்காதவர் எந்திரிக்கவே முடியாது. பழைய டென்னிஸ் பந்தைக் கீறி நாலு காலுக்கும் மாட்டிடுங்க. கைப்பிடி உள்ள நாற்காலியா எடுங்க, ஊன்றி எந்திரிக்க வேணும்.

நிழல் இருக்கே போதும்னு நெனைக்காதீங்க. உலர்ந்த மணல் மேல விழற புற ஊதாக் கதிர்ல 15 சதவீதம் போலத் திருப்பி அடிக்கும், அலை நுரை 25 சதவீதம். குடைக்கு அடியில உக்காந்தே என் மாமியாருக்குக் கன்னம் கன்றிப்போச்சு. அப்புறம் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும், நிழலும் கூடவே நகரும். பத்து மணிக்கு நிழலா இருக்கற மரத்தடி ஒரு மணிக்கு நிழலா இருக்காது. மேற்குப் பார்த்த கரைன்னா மாலையில வெயில் கிளைக்கு அடியில புகுந்து நேரா கண்ணுல அடிக்கும். தோப்புக்கு முன்னாடி மணல்மேடு இருக்குன்னா அதுவே தடுப்பு. எனக்கு அதுதான் புடிச்சது.

தென்னை மரத்தடியா இருந்தா மேலே அண்ணாந்து பாத்துட்டு உக்காருங்க, சொல்லிட்டேன்.

செவ்வானம் | வெள்ளி, இரவு 8:20

சரி, தோற்றேன். சாப்பாடு தோப்பில் இருக்கட்டும். சூரியன் விழும்போதாவது மேட்டுக்குக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் பாவம் சேரும். கையை நீட்டி, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் விரலை அடுக்குங்கள். விரலுக்குக் கால் மணி நேரம். நாலு விரல் என்றால் ஒரு மணி நேரம் இருக்கிறது.

வரைபடப்பித்தன் | வெள்ளி, இரவு 8:34

இந்த விரல் கணக்கை நம்பிப் பாதி வழியில் இருட்டில் நின்றவன் நான். நீட்டிய கையில் ஒரு விரல் ஏறக்குறைய 2 டிகிரி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக, மணிக்கு 15 டிகிரி இறங்கும். ஆக விரலுக்கு 8 நிமிடம்தான், நாலு விரலுக்கு அரை மணி. துருவத்தை நோக்கிப் போகப் போக சாய்வாக இறங்கும், அதனால் நேரம் நீளும். கால் மணிக் கணக்கு அங்கே பிறந்ததாக இருக்கும். வெப்ப மண்டலத்தில் சூரியன் போன பிறகு வெளிச்சமும் இருபது நிமிடம் சொச்சம்தான். பெரியவர்களை மேட்டிலிருந்து இறக்கி வண்டிக்குக் கொண்டுவர அது போதாது.

மூன்றாம்பிறை | வெள்ளி, இரவு 9:05

ஒரு வாரம் தள்ளிப் போட்டாயிற்று. தோப்புதான். எல்லாருக்கும் நன்றி, போய் வந்து எழுதுகிறேன்.

மூன்றாம்பிறை | பதினோரு நாள் கழித்து, செவ்வாய், இரவு 10:10

போய் வந்தோம்.

பத்தரைக்குத் தோப்பு. முதல் அரை மணி நேரம் வீட்டில் எல்லாருக்கும் முகம் தொங்கிப்போயிருந்தது: "கடலுக்குக் கூட்டிட்டு வந்து மரத்தைக் காட்டுறான்." மேட்டில் பாதை இருந்தது, ஒவ்வொருவராக ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஏற்றம் அப்போதுதான் திரும்பத் தொடங்கியிருந்தது, மணல் ஒரு பட்டை அளவுக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டரைக்குக் காற்று கிளம்பியது. மேட்டின் உச்சியில் மணல் புகை மாதிரிச் சீவிக்கொண்டு போனது. கீழே எங்கள் பாயில் ஒரு தாள் தட்டுகூட நகரவில்லை. அதற்குப் பிறகு யாரும் மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

காக்கைகளை யாரும் சொல்லவில்லையே! மூடியைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு பேர் திரும்பினார்கள், அவ்வளவுதான். தோப்பில் உட்காருகிறவர்கள் டப்பாவை அழுத்தி மூடுங்கள்.

மூன்று மணிக்கு நண்டுக்கால் சொன்னபடியே தண்ணீர் வெகுதூரம் போய், ஈர மணல் கெட்டியாக விரிந்து கிடந்தது. பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரோடு சரி. நான் முழு நேரமும் அலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் சாந்தமான சந்து இப்போது பார்த்தவுடனே கண்ணில் படுகிறது, இரண்டு இருந்தன. கரையொதுங்கிய ஜெல்லி மீன் (சொறி) ஒன்றைக் கடைக்குட்டி கையில் எடுக்கப் போனான், செத்தாலும் கடுக்கும் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன்.

டென்னிஸ் பந்து கை கொடுத்தது அக்கா. பெரியப்பா மட்டும் தன் நாற்காலிக்குப் பந்து வேண்டாம் என்றார், சாய்ந்தார், பிறகு மாட்டச் சொன்னார்.

செவ்வானம் | செவ்வாய், இரவு 10:25

பொழுது சாய்ந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

மூன்றாம்பிறை | செவ்வாய், இரவு 10:52

வருகிறேன். பெரியப்பாவை மேட்டில் ஏற்ற முடியவில்லை, உதிரி மணலில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. ஐந்து மணிக்கே மூட்டை கட்டிவிட்டோம். வரைபடப்பித்தன் சொன்ன அந்த வளைவில் வண்டியை ஒதுக்கினேன். ஒதுக்கிடத்தின் ஓரம் முழுக்க இடுப்பளவுக் கருங்கல் சுவர், அகலமானது, உச்சியில் பகல் சூடு இன்னும் இருந்தது. கீழே பாறை, அதற்கு அப்பால் கடல் மொத்தமும். நாற்காலியை வண்டிக் கதவிலிருந்து எட்டு அடி தள்ளிப் போட்டோம். மற்றவர்கள் சுவரில் கை ஊன்றி நின்றார்கள். கடைசி இரண்டு விரலுக்குச் சரியாகப் பதினாறு நிமிடம் பிடித்தது, மணி பார்த்தேன்.

போன தடவை பைக்கில் வந்தபோது இதே சுவரில்தான் சாய்ந்து நின்று தலைக்கவசத்தைக் கழற்றி, மணல்திட்டுக்கு எப்படிப் போவது என்று ஒருவரிடம் வழி கேட்டேன்.

வரைபடப்பித்தன் | செவ்வாய், இரவு 11:03

சாலையிலிருந்து கடல் மட்டம் எத்தனை மீட்டர் இருக்கும்?

மூன்றாம்பிறை | செவ்வாய், இரவு 11:06

பன்னிரண்டு இருக்கலாம்.

வரைபடப்பித்தன் | செவ்வாய், இரவு 11:07

12 கிலோமீட்டர் தெரிந்திருக்கும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.